வாட்சுவா, ஐ சீயா, பிசியோவா? தண்ணில அசைவும் மூச்சும் கத்துக்க நினைக்கிறவங்களுக்கு

கொஞ்ச நாளா ஒரே கேள்வி பல பேர் வாயிலேர்ந்து வருது. "அக்கா, ஆரோவில் பக்கம் வாட்சுன்னு தண்ணில மிதக்க வெச்சு ஒரு தெரபி பண்றாங்களே, அதைக் கத்துக்கலாமா, இல்ல பிசியோதெரபியே சேந்துடலாமா?"

கேக்குறவங்க எல்லாரும் ஒரே மாதிரி ஆளுங்களும் கெடையாது. நெல்லிக்குப்பத்துல முட்டி வலியோட இருக்குற அம்மாவுக்காகக் கேக்குற பொண்ணு ஒருத்தி, யோகா கிளாஸ் எடுத்துக்கிட்டே கூட இன்னொண்ணு சேத்துக்கலாம்னு நினைக்கிற தவளக்குப்பம் தம்பி ஒருத்தர், பிளஸ் டூ முடிச்ச பையனுக்கு கோர்ஸ் தேடுற அப்பா ஒருத்தர். இவங்க மூணு பேருக்கும் ஒரே பதில் சரிப்படாது, அதான் மிதக்க வெக்கிற வாட்சு, தண்ணில நின்னுக்கிட்டே பண்ற ஐ சீ, பிசியோ, தரையில பண்ற யோகா தெரபின்னு எல்லாத்தையும் உக்காந்து விரிவா எழுதிடலாம்னு.

எல்லாரும் மொதல்ல ஃபீஸ் எவ்ளோன்னுதான் கேக்குறாங்க. ஃபீஸ அப்புறம் பாத்துக்கலாம்ங்க. கோர்ஸ் முடிஞ்சு ஊருக்கு வந்த மறுநாள் எந்தக் குளத்துல எறங்கப் போறீங்க, யாரை எறக்கப் போறீங்க, அதை மொதல்ல யோசிங்க. இதுல பாதிப் பேர் தடுக்கி விழுறது அங்கதான்.

எதையெல்லாம் வெச்சுப் பாக்கணும்

மொதல்ல, யாருக்காக? உங்க உடம்புக்கா, வீட்ல இருக்குற ஒருத்தருக்கா, இல்ல சம்பாத்தியத்துக்கா. இது தெளிவாயிட்டா மத்ததுல பாதி தானா தீந்துடும்.

ரெண்டாவது தண்ணி. ஆழமும் சூடும் ரெண்டுமே கணக்கு. இடுப்பு அளவு தண்ணில நின்னா நம்ம எடையில ஏறக்குறைய பாதிதான் கால்ல எறங்குது, நெஞ்சு அளவுன்னா மூணுல ஒரு பங்கு, கழுத்து வரைக்கும்னா பத்துல ஒரு பங்கு. முட்டி வலிக்காரங்களுக்குத் தண்ணி சொர்க்கமா இருக்குறது இதனாலதான். ஆனா அதே தண்ணி நெஞ்சுக்கூட்ட சுத்தி நாலா பக்கமும் அமுக்குது, கழுத்தளவு தண்ணில மூச்சு விடுறதுக்கு தரையில விட சுமார் 60 சதவீதம் கூடுதலா உழைக்கணும். மூச்சுத் தசைக்கு இது நல்ல பயிற்சி, ஆனா ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவங்கள எடுத்த எடுப்புல கழுத்து வரைக்கும் எறக்கினா அவங்களுக்கு மூச்சு முட்டும், பயந்துடுவாங்க.

சூடுன்னு பாத்தா, நீங்க கை கால் அசைச்சுக்கிட்டே இருக்குற பயிற்சிக்கு 31லேர்ந்து 33 டிகிரி போதும். ஒருத்தரை அசையாம ஒரு மணி நேரம் மிதக்க வெக்கணும்னா 35 டிகிரிக்குக் கிட்ட வேணும், கொறைஞ்சா இருவது நிமிஷத்துல பல்லு கிட்டிக்கும். நம்ம பக்கத்து சாதாரண நீச்சல் குளம் வெயில் காலத்துல பரவால்ல, மார்கழி காலைல கால வெக்க முடியாது.

மூணாவது சான்றிதழ், அது எங்க செல்லும் எங்க செல்லாதுன்னு. நாலாவது தொடுகை. இதைப் பத்தி நம்ம ஊர்ல யாரும் வெளிப்படையாப் பேசுறதில்ல, ஆனா முடிவ மாத்துறது பல வீட்ல இதுதான். கீழ அதப் பத்தி சொல்றேன்.

வாட்சு, ஓபா: ஆரோவில் பக்கம் போய் கத்துக்கிறது

வாட்சுங்குறது கலிஃபோர்னியாவுல ஹார்பின் வெந்நீர் ஊற்றுல 1980ல ஹரோல்ட் டல் ஆரம்பிச்சது. அவர் ஜென் ஷியாட்சுங்குற ஜப்பானியக் கை வைத்தியம் படிச்சவர், தரையில படுக்க வெச்சு அமுக்கி இழுத்து விடுறத வெந்நீர்ல மிதக்க வெச்சு பண்ணிப் பாத்ததுல உருவானது. நமக்கு இருக்குற அதிர்ஷ்டம் என்னன்னா இதைக் கத்துக்க வெளிநாடு போக வேணாம், சின்ன முதலியார்சாவடி கடற்கரைல ஆரோவிலோட க்வயட் ஹீலிங் சென்டர் இருக்கு, சூடான குளத்தோட. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஈசிஆர் பஸ் ஏறினா கோட்டக்குப்பம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான்.

என்ன கத்துக்கிறோம்னு கிட்டக்க பாருங்க. எதிர்ல இருக்கறவங்க தலைய உங்க முழங்கை மடிப்புல தாங்குறீங்க, இன்னொரு கை இடுப்புக்குக் கீழ, தேவைப்பட்டா முட்டிக்கு மேல மிதவை ஒண்ணு சுத்தியிருக்கும். மொதப் பாடம் அசைவே கெடையாது. சும்மா நின்னு அவங்க மூச்ச கவனிக்கணும். அவங்க மூச்ச உள்ள இழுக்கும்போது நெஞ்சு நெறைஞ்சு உடம்பு தானா ஒரு விரல் அளவு மேல வரும், விடும்போது எறங்கும், அந்த ஏத்த எறக்கத்தோட உங்க மூச்சும் சேரணும், நீங்க தூக்கக் கூடாது, தண்ணிதான் தூக்கணும். பாக்க ஒண்ணுமே நடக்கலைன்ற மாதிரி இருக்கும். ஆனா கைல புடிச்சிருக்கறவங்களுக்குத் தெரியும், கழுத்து எப்ப விட்டுக் கொடுத்துதுன்னு. மொதல்ல தலை கனமே இருக்காது, அவங்களே புடிச்சிட்டிருப்பாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு திடீர்னு கைல முழுத் தலையும் எறங்கும். அந்த எடம் கைக்குப் பழகினப்புறம்தான் மத்த அசைவெல்லாம்.

ஓபாவும் இதே மாதிரி தண்ணி தெரபிதான், ஆனா கொஞ்சம் வேற. அதுல மூக்குக்கு கிளிப் மாட்டிக்கிட்டு தண்ணிக்குள்ளயே போய் வர்றது, மூச்சு அடக்குறது உண்டு. வாட்சு எடுத்துப் பழகினப்புறம் அதப் பத்தி யோசிக்கலாம், தண்ணிக்குப் பயப்படுறவங்க அதுலேர்ந்து தொடங்க வேணாம்.

அடிப்படை வகுப்பு ரெண்டு மூணு நாள்ல முடியும், அடுத்த நிலை 50 மணி நேரம், முழு பிராக்டிஷனர் ஆகணும்னா இந்தத் தண்ணி தெரபிகளுக்கான உலக அமைப்பான வாபா கணக்குல 500 மணி நேரம். இந்த 500ங்குறது வகுப்பு மட்டும் இல்ல, நீங்க ஆளுங்களுக்குக் குடுத்துப் பழகுறதும் அதுக்குள்ள வரும். இங்கதான் மறைஞ்சிருக்குற செலவெல்லாம் தலை காட்டும்.

பழக ஆள் வேணும், ஆளுக்கு சூடான குளம் வேணும். சொந்தமா கட்டிக்கலாமேன்னு சிலர் நினைக்கிறாங்க, சரி, கணக்குப் போட்டே பாத்துடுவோம். நாலு மீட்டருக்கு நாலு மீட்டர், ஆழம் 1.2 மீட்டர், ஒருத்தரை வெச்சு சுத்துறதுக்குப் போதுமான சின்னக் குளம். அதுல 19,200 லிட்டர் தண்ணி. 28 டிகிரில இருக்குறத 35க்கு ஏத்தணும்னா நேரடி ஹீட்டருக்கு சுமார் 156 யூனிட் கரண்ட் வேணும், அதுவும் ஒரு தடவை ஏத்துறதுக்கு மட்டும். தமிழ்நாட்டுல 2016ல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு இலவசமா குடுக்க ஆரம்பிச்சதே 100 யூனிட்தான். ஹீட் பம்ப் போட்டா இதுல நாலுல ஒரு பங்குக்கு வந்துடும், ஆனா அந்த மெஷின் வெல தனி, ராத்திரி காத்துல எறங்குற சூட்ட தினம் ஈடு கட்டணும், மேல மூடி போடணும், ஃபில்டர், குளோரின், ஆள் சம்பளம். அதனால கடலூர்ல இருந்துக்கிட்டு "கத்துக்கிட்டு வந்து வீட்டு மாடில ஆரம்பிச்சிடுவேன்"ங்குறவங்க கொஞ்சம் பொறுத்து யோசிங்க. ஏற்கெனவே சூடான குளம் வெச்சிருக்குற ரிசார்ட்டோ ஆஸ்பத்திரியோ உங்களை வெச்சுக்கிறோம்னு சொன்னா மட்டும் கணக்கு சரியா வரும்.

இன்னும் ரெண்டு செலவு. ஒண்ணு மொழி, வகுப்புல கூட இருக்குறவங்க பல நாட்டுக்காரங்க, பேச்சு இங்கிலீஷ்லதான், சைகைலயே பாதி புரியும்னாலும் உடற்கூறு பாடம் வரும்போது தடுமாறும். ரெண்டு, உங்க உடம்பு. நாள் முழுக்க தண்ணில நின்னா தோல் ஊறிப் போகும், காதுல தொத்து வரும், காலை அகட்டி முட்டிய மடக்கி நிக்கத் தெரியலன்னா உங்க இடுப்புதான் போகும்.

தொடுகை விஷயத்துக்கு வர்றேன். வாட்சுல ஒருத்தர் இன்னொருத்தர் கைல கொழந்த மாதிரி கெடக்கணும். புருஷன் பொண்டாட்டி கூட நாலு பேர் முன்னாடி கை கோக்காத வீடுகள்லேர்ந்து வர்றவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. அதுல தப்பும் இல்ல. பயிற்சியில ஆண் பெண் கலந்துதான் இருப்பாங்க, ஜோடி மாத்தி மாத்திப் பழகுவாங்க, சேர்றதுக்கு முன்னாடியே "எனக்குப் பெண்கள் கூட மட்டும்தான் வசதிப்படும்"னு வாய் விட்டுக் கேட்டுடுங்க. துணி என்ன போடுறதுன்னு கேக்குறவங்களுக்கு: நைட்டியும் சுடிதாரும் வேணவே வேணாம், பருத்தித் துணி தண்ணி குடிச்சு கனத்துப் போய் கால்ல சுத்தும். லெக்கின்ஸ் மாதிரி காலும் முழுக்கையும் வர்ற நீச்சல் உடை இப்ப தாராளமா கெடைக்குது, அதைப் போட்டுக்கலாம். தலைல எண்ணெய் இருந்தா சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு அலசிட்டுதான் எறங்கணும், குளத்து ஃபில்டருக்கு தேங்காண்ணெ ஆகாது.

இன்னொண்ணும் சொல்லணும். மிதக்கும்போது சில பேர் அழுதுடுவாங்க. காரணம் அவங்களுக்கே தெரியாது. அப்ப என்ன பண்ணணும், எப்ப சும்மா இருக்கணும்னு நல்ல பயிற்சியில சொல்லித் தருவாங்க, வீடியோ பாத்து இதைக் கத்துக்க முடியாதுன்னு நான் அழுத்திச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

யாருக்கு இது நல்லது: ஏற்கெனவே மசாஜ், யோகா, பிசியோன்னு ஏதாவது ஒரு துறையில கை பழகினவங்க, குளம் உள்ள எடத்துல வேலை பாக்குறவங்க, இல்லன்னா தொழில் கணக்கே வேணாம், இதை ஒரு அனுபவமா ஆழமா கத்துக்கணும்னு மனசு இருக்குறவங்க.

ஐ சீ: நின்னுக்கிட்டே பண்றது

நம்ம ஊர் நெலமைக்கு அதிகப் பேருக்கு இதுதான் பொருந்தும்னு நான் நினைக்கிறேன். ஜப்பான்ல ஜுன் கோன்னோங்குறவர் 1990கள்ல உருவாக்கினது. தோள் அளவு தண்ணில நின்னு பண்ற 19 அசைவு. யாரையும் தொட வேணாம், மிதக்க வேணாம், நீச்சலும் தெரிய வேணாம்.

மொதல் சில அசைவு மூச்சும் கையும் மட்டும்தான். முட்டிய லேசா மடக்கி, தோள் தண்ணிக்குள்ள போற மாதிரி நிக்குறீங்க, மூச்சு உள்ள போகும்போது உள்ளங்கை மேல பாக்கும், கை தானா மெதந்து வரும், மூச்சு வெளிய போகும்போது உள்ளங்கை கீழ திரும்பும். அவ்ளோதான். அப்புறம் இடுப்பு திரும்பும், அப்புறம் ஒத்தக் கால்ல நிக்குறது, கடைசில உடம்பு முழுக்க. வயசானவங்க கீழ விழுந்துடுவோமோங்குற பயத்துல வீட்டுக்குள்ளயே சுவத்தப் புடிச்சு நடக்குறாங்க இல்லையா, அவங்களுக்கு ஒத்தக் கால்ல நின்னு தடுமாறிப் பழக இதவிட பத்திரமான எடம் வேற இல்ல, தடுமாறினாலும் தண்ணி புடிச்சுக்கும், மெதுவாதான் சாய்வாங்க, சுதாரிச்சுக்க நேரம் கெடைக்கும்.

குளமும் ரொம்பக் கெடுபிடியா வேணாம். 31 டிகிரி இருந்தா ஆச்சு. சித்திரை வைகாசில நம்ம பக்கத்து வெட்டவெளிக் குளமே வெயில்ல அந்த சூட்டுக்குப் பக்கத்துல வரும். பத்து இருவது ரூபாய்க்கு இல்லன்னாலும் கொறஞ்ச விலைக்கு மிதக்குற தெர்மாமீட்டர் ஒண்ணு கெடைக்கும், வாங்கி வெச்சுக்கோங்க, குளத்துக்காரர் வாய்ச்சொல்ல நம்பி வயசானவங்கள எறக்காதீங்க. ஐப்பசி கார்த்திகை மழை மாசத்துல நிறுத்திட்டு தை பாதிக்கு மேல திரும்பத் தொடங்கிக்கலாம். வருஷத்துல மூணரை மாசம் விட்டுப் போறது இதோட பெரிய கொறை, குறிப்பா முட்டி வலி அதிகமாகுற குளிர் நாள்லதான் விட்டுப் போகுது.

கத்துக்கிறதுக்கு ஆன்லைன் பாடம் இருக்கு. ஆனா ஒரு நாலு பேரு சேந்து, நேர்ல தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொஞ்ச நாளாவது திருத்திக்கிறது நல்லது, ஏன்னா எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, தோளைத் தூக்கிக்கிட்டு மேல் மூச்சா இழுக்குறது. தண்ணிக்கு வெளியிலேர்ந்து ஒருத்தர் பாத்தா அஞ்சு நிமிஷத்துல கண்டுபுடிச்சுச் சொல்லிடுவாங்க, நமக்கே தெரியாது.

மறைஞ்ச செலவுன்னா குளத்துல நேரம் கெடைக்கிறதுதான். பசங்க குதிச்சு வெளையாடுற நேரத்துல இது நடக்காது, அலை வந்து ஆளைத் தள்ளும். பெண்களுக்கு மட்டும்னு தனி நேரம் கேட்டு வாங்கணும். அதுக்கு ஏழெட்டு பேரா சேந்து போய் கேட்டா குடுப்பாங்க, தனியா போய் கேட்டா நடக்காது.

அந்த நெல்லிக்குப்பம் பொண்ணுக்கு நான் சொன்னது இதைத்தான். அம்மாவுக்கு வாட்சு கத்துக்கிட்டு வந்து பண்றதவிட, அம்மாவும் பொண்ணும் சேந்து ஒரே தண்ணில நின்னு இதைப் பண்ணலாம்.

பிசியோதெரபி வழி: நீளம், ஆனா கெட்டி

பிளஸ் டூ முடிச்ச பையனோட அப்பாவுக்கு என் பதில் தயங்காம இதுதான். பிபிடிங்குற பிசியோதெரபி பட்டப்படிப்பு நாலரை வருஷத்துலேர்ந்து அஞ்சு வருஷம், புதுச்சேரில கோரிமேடு அன்னை தெரசா நிறுவனத்துலயே இருக்கு. பக்கவாதம் வந்தவங்க, ஆபரேஷன் முடிஞ்சவங்க, பெருமூளை வாதம் உள்ள கொழந்தைங்கன்னு உண்மையான நோயாளிகள தண்ணில எறக்குற உரிமையும் அறிவும் அதுலதான் வருது. 2021ல வந்த துணை மருத்துவத் துறைச் சட்டத்துக்கப்புறம் இந்தத் தொழிலுக்குப் பதிவு முறையும் வந்துடுச்சு. வாட்சு சான்றிதழ் எவ்ளோ நல்லதா இருந்தாலும் அது உங்களை சிகிச்சை குடுக்குற மருத்துவப் பணியாளரா ஆக்காது, அதைச் சுவத்துல மாட்டிக்கிட்டு "பக்கவாதம் குணமாகும்"னு போர்டு வெக்கக் கூடாது.

ஆனா ஒரு உண்மை, பிபிடில தண்ணி சிகிச்சைங்குறது சின்ன பாகம்தான், பல காலேஜ்ல குளமே இருக்காது, புத்தகத்துல படிச்சுட்டு வந்துடுவாங்க. படிப்பு முடிச்சுட்டு தனியா கத்துக்கணும். அதுக்கு எனக்கு ரொம்பப் புடிச்சது ஹாலிவிக் முறை. லண்டன்ல மாற்றுத்திறன் உள்ள பெண் கொழந்தைங்க படிச்ச ஒரு பள்ளிக்கூடத்துல 1949ல ஜேம்ஸ் மெக்மில்லன் ஆரம்பிச்சது, அவர் டாக்டர் இல்ல, இன்ஜினியர். பத்து படி. மிதவை கட்டறதில்ல, ஒரு கொழந்தைக்கு ஒரு பெரியவங்க. அதுல மூச்சுப் பாடம் எவ்ளோ எளிமை தெரியுமா: தண்ணி மொகத்துக்கிட்ட வந்தா ஊது. அது பழக்கமாயிட்டா கொழந்தை தண்ணி குடிக்காது, பயமும் போயிடும்.

பிஎன்ஒய்எஸ், அதாவது இயற்கை மருத்துவமும் யோகாவும் சேந்த பட்டப்படிப்பு, அதைப் படிச்சா என்னன்னு கேக்குறாங்க. சென்னை அரும்பாக்கத்துல அரசு கல்லூரி இருக்கு, அஞ்சரை வருஷம். அதுல வர்ற நீர் சிகிச்சை பெரும்பாலும் இடுப்புக் குளியல், முதுகுத்தண்டுக் குளியல், ஈரத்துணிப் பட்டி இந்த வகை. நல்ல படிப்புதான், ஆனா மிதக்க வெச்சு அசைக்கிறத எதிர்பாத்து சேராதீங்க.

தரையிலயே மூச்சு: யோகா தெரபி

குளமே கெடைக்காதவங்களுக்கும், கடலூர் புதுச்சேரி சாலைல தெனம் போய் வர்றவங்களுக்கும் இது கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. பிள்ளையார்குப்பத்துல ஸ்ரீ பாலாஜி வித்யாபீத்ல ஆஸ்பத்திரியோட சேத்து யோகா தெரபி படிப்பு நடத்துறாங்க. சுவாமி கீதானந்த கிரி 1968ல ஆரம்பிச்ச ஆனந்தா ஆசிரமத்து வழியில விபாக பிராணாயாமம்னு ஒண்ணு சொல்லித் தருவாங்க, வயிறு, நெஞ்சு நடுவு, தோள்பட்டைன்னு நுரையீரல பகுதி பகுதியா நெரப்புறது. இதைத் தரையில பழகிட்டு வந்தவங்க தண்ணில எறங்கினா மத்தவங்கள விட சீக்கிரம் புடிச்சுக்குறாங்க, தண்ணி நெஞ்ச அமுக்குறப்போ எந்த எடத்துல மூச்சு போகலைன்னு அவங்களுக்கே தெரியுது.

தவளக்குப்பம் தம்பி மாதிரி ஏற்கெனவே இதுல இருக்கறவங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை, ரொம்ப முக்கியமானது. கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான மூச்சு பண்ணிட்டு உடனே தண்ணிக்குள்ள மூச்சடக்கக் கூடாது. வேகமா விட்டதுல ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறைஞ்சு போயிருக்கும், மூச்சு வேணும்னு மூளை கேக்குறதே அதை வெச்சுதான். அது கொறைஞ்சிட்டதால மூளை கேக்கவே கேக்காது, ஆக்சிஜன் தீந்து அப்படியே மயக்கம் போட்டுடும், இடுப்பளவு தண்ணியாவே இருந்தாலும் உயிர் போயிடும். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே இப்படிப் போயிருக்காங்க.

கடல்தான் பக்கத்துலயே இருக்கே

இதையும் கேக்காம விடுறதில்ல. சில்வர் பீச் இருக்கு, செரினிட்டி பீச் இருக்கு, காசு செலவில்லாம அங்கயே பண்ணலாமேன்னு. வேணாம்ங்க. நம்ம கரையில அலை ஒடையுற எடமும் இழுப்பும் எப்ப மாறும்னு மீனவங்களே நிதானிச்சுதான் எறங்குறாங்க. ஒருத்தர் கண்ண மூடி மூச்ச கவனிக்கிற வேலைக்கு அது எடமே இல்ல.

பணம் கட்டறதுக்கு முன்னாடி

எந்த வழியா இருந்தாலும் நீங்க எறங்கலாமான்னு மொதல்ல டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. கட்டுக்குள்ள இல்லாத வலிப்பு, கட்டுக்குள்ள இல்லாத பிபி, இதயம் பலவீனம், ஆறாத புண்ணு, காய்ச்சல், சிறுநீர்த் தொத்து, காது ஜவ்வுல ஓட்டை, இதுல ஏதாவது இருந்தா இப்போதைக்கு எறங்கக் கூடாது. சர்க்கரை உள்ளவங்க கால் விரல் இடுக்கெல்லாம் பாத்துட்டு எறங்குங்க, மரத்த கால்ல குளத்து டைல்ஸ் கீறினா தெரியவே தெரியாது.

பயிற்சி நடத்துறவங்ககிட்ட குளத்து சூடு எத்தனை டிகிரின்னு கேளுங்க, ஒரு வாத்தியாருக்கு எத்தனை பேர்னு கேளுங்க, சான்றிதழ் எந்த அமைப்போடதுன்னு கேளுங்க, கட்டணத்துல சாப்பாடு தங்குறது சேந்திருக்கான்னு கேளுங்க, பாதியில உடம்பு முடியாம போனா பணம் திரும்ப வருமான்னும் கேளுங்க. கடைசிக் கேள்விக்கு எழுத்துல பதில் வாங்கிக்குங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வேற ஊர்ல ஒரு எடத்துல முழுப் பணமும் கட்டி, ரெண்டாம் நாள் காது வலி வந்து எறங்க முடியாம போனப்போ ஒரு ரூபாய் கூட வாங்க முடியல.

வாட்சு கத்துக்கணும்னு முடிவே பண்ணிட்டீங்கன்னா, அதுக்கு முன்னாடி ஒரு செஷன் காசு குடுத்து நீங்க வாங்கிக்கிட்டுப் பாருங்க. காது தண்ணிக்குள்ள போனதும் உங்களுக்குப் பதட்டமா இருக்கா, அடுத்தவங்க கைல தலைய விட முடியுதான்னு அந்த ஒரு மணி நேரத்துல தெரிஞ்சுடும். முடியலன்னா அவசரமே இல்ல, ஐ சீல தொடங்கி ஆறு மாசம் கழிச்சு திரும்பப் போங்க.